தபசு காலத்தில் வந்த பிளேட்டு

என் வயசுக்காரர்களைத்தான் கேட்கிறேன். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வளர்ந்தவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் மாதா சுரூபத்துக்கு முன்னாலோ ரேடியோப் பெட்டிக்கு மேலேயோ ஒரு கருப்புக் கிண்ணம் இருந்ததா? ஓரமெல்லாம் பாவாடைக் கொசுவம் மாதிரி மடிந்திருக்கும். அடியில் நடுவே ஒரு சின்ன ஓட்டை, அதைச் சுற்றி வட்டமாக நீலக் காகிதம். பிளாஸ்டிக் ரோஜாவைச் செருகி வைத்திருப்பீர்கள். அந்தக் கிண்ணம் என் அண்ணன் பாடிய பாட்டு.

சிரிக்காதீர்கள். கிண்ணம் எப்படிப் பாட்டாகும் என்று என் பேத்தியும் கேட்டாள். பாட்டு எப்படிக் கிண்ணமாயிற்று என்பதுதான் கதை. அதில் என் பங்கும் உண்டு. அறுபது வருஷம் ஆகப் போகிறது, இன்னும் நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சாமியாரிடம் பண்ணுகிற பாவசங்கீர்த்தனத்தில்கூடப் பாதிதான் சொன்னேன்.

எங்கள் வீடு கோயிலுக்குப் பின்சந்தில் இருந்தது. முன்னால் ஓடு, பின்னால் சமையல்கட்டுக்கு மட்டும் தகரம். ஹார்பரில் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் அந்தத் தகரம் அதிரும். நைனாவுக்கு ஹார்பரில் விஞ்சு ஓட்டுகிற வேலை, கப்பலிலிருந்து மூட்டைகளைக் கயிறு கட்டித் தூக்கி இறக்குகிற இயந்திரம் அது. அண்ணன் அதே ஹார்பரில் இறங்குகிற மூட்டைகளை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்கிற வேலையில் இருந்தான். அவனுக்கு இருபத்தொன்று, எனக்குப் பத்து. நடுவில் பிறந்த இரண்டு தங்கவில்லை.

அதற்கு நாலு வருஷம் முன்னால் என் சித்தப்பா, நைனாவின் ஒரே தம்பி, கப்பலின் அடியறையில் நின்று மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது மேலே கயிறு அறுந்து மொத்தச் சுமையும் அவர் மேல் விழுந்தது. கோதுமை மூட்டை. அன்றைக்கு விஞ்சில் கை வைத்திருந்தவர் நைனா. யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. விசாரித்தவர்களும் கயிறு நைந்திருந்தது என்றுதான் எழுதினார்கள். நைனா மட்டும் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். சோறு பிசையும்போது பாதியில் நிறுத்திவிட்டு உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எங்கள் வீட்டில் சித்தப்பாவின் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் நைனா எழுந்து வெளியே போய்விடுவார்.

அதற்குப் பிறகுதான் நைனாவுக்குக் கோயில் பைத்தியம் பிடித்தது. அம்மா அப்படித்தான் சொல்லுவார், நைனாவின் காதில் விழாமல். தினமும் பூசை, வெள்ளிதோறும் சிலுவைப் பாதை. தபசு காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். விபூதிப் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாள் கறி கிடையாது, மீனும் கிடையாது. ராயபுரத்தில் மீன் இல்லாத வீடு! பூ கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது. கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள் இல்லையா, நைனா எங்கள் வீட்டு ரேடியோவையும் அதே மாதிரி ஒரு ஊதாத் துணியால் மூடிக் கயிற்றால் கட்டிவிடுவார். எங்கள் தெருப் பிள்ளைகள் எங்கள் ரேடியோவுக்கு, புனிதர்கள் பேருக்கு முன்னால் போடுகிற மாதிரி, அர்ச்சியசிஷ்ட ரேடியோ என்று பேர் வைத்திருந்தார்கள்.

அண்ணனுக்கு அந்தப் பாட்டு வந்தது ஒரு கோதுமைக் கப்பலில்தான். அமெரிக்காவிலிருந்து வந்த கப்பலின் சமையல்காரர், நம்மைவிடக் கறுத்த பெரிய மனிதர். அம்மா போட்ட இறால் ஊறுகாய் ஒரு பாட்டிலை அண்ணன் அவருக்குக் கொடுத்தானாம். ஒரு விரல் நக்கியதும் அவர் உள்ளே போய் இரண்டு பிளேட்டுகளைக் கொண்டுவந்து கையில் திணித்தாராம். நாம் எல்லாம் பிளேட்டு என்றுதானே சொல்லுவோம், இசைத்தட்டு என்று யார் சொன்னார்கள்? எங்களிடம் பிளேட்டு போடுகிற பெட்டி இல்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு சட்டைக்கார அண்ணன் இருந்தார். ஆங்கிலோ இந்தியர்களை அப்போது நாங்கள் சட்டைக்காரர் என்போம். அவர் வீட்டில் பெட்டியும் இருந்தது, கித்தாரும் இருந்தது. அண்ணன் அங்கே போனவன் போனவன்தான்.

மூன்றாவது ஆள் வியாசர்பாடி அண்ணன். ஹவுசிங் போர்டு வீட்டுக்காரர். காலையில் மூட்டை தூக்குவார், சாயங்காலம் பாக்சிங், மிச்ச நேரத்தில் எது கையில் கிடைத்தாலும் தட்டுவார். சட்டைக்காரர் பழைய டிரம் செட் ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்து அவர் முன்னால் வைத்தபோது, அதற்கு முன் அதைத் தொட்டே பார்க்காதவர், அரை மணி நேரத்தில் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தூங்கவிடாமல் செய்துவிட்டார். அந்தச் சமையல்காரரின் பிளேட்டை முதன்முதலில் கேட்டுவிட்டு அவர் சொன்னதை அண்ணன் வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

"இது நம்ம ஒப்பாரிதான மச்சான். இன்னாத்துக்கு இங்கிலீஷ்ல அயுவுறான்?"

அதுதான் சரி. அந்தப் பாட்டுக்கு ப்ளூஸ் என்று பேர் என்று அண்ணன் சொன்னபோது அம்மா, துணிக்குப் போடுகிற நீலமா என்று கேட்டார். ஆமாம்மா அதேதான், மனசு அழுக்குப் போகப் போடறது என்றான். அம்மா நம்பிவிட்டார். அதன்பிறகு யாராவது உன் பையன் என்ன பாடுகிறான் என்று கேட்டால், ஏதோ நீலம் போடுகிற பாட்டாம் என்பார்.

சாயங்காலங்களில் நான் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். அண்ணனுக்கு டீ கொண்டுபோகிற சாக்கு. குவார்ட்டர்ஸ் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிக்கொள்வேன். பாட்டுப் பெட்டியின் சூடான வால்வு வாசனை, கரி எஞ்சின் புகை, சட்டைக்கார அம்மா பொரிக்கிற கட்லெட் வாசனை எல்லாம் கலந்து வரும். அண்ணன் வாயில் மவுத்தார்கனை வைத்து ஊதினால் தூரத்தில் ஷண்டிங் ஆகிற ரயில் அழுகிற மாதிரி இருக்கும். அண்ணன் குரல் அவ்வளவு நல்ல குரல் என்று சொல்ல மாட்டேன். கரகரப்பு. மூட்டைத் தூசி சாப்பிட்ட தொண்டை. ஆனால் அந்தப் பாட்டுக்கு அந்தத் தூசி வேண்டியிருந்தது.

ஒன்றரை வருஷம்தான் அவர்கள் சேர்ந்து வாசித்தது. இரண்டு கிறிஸ்துமஸ் டான்ஸ், ஒரு காலேஜ் விழா. ஒரு தடவை ஒருவர் பாண்டு இங்கேதானே என்று கேட்டு வந்து ஒரு சாவுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பார்த்தார். ராயபுரத்தில் பாண்டு என்றால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊதுகிறதுதானே. வியாசர்பாடி அண்ணன் போகலாம் என்றார், அங்கேதான் நம் பாட்டு எடுபடும் என்று. சட்டைக்காரர் கோபித்துக்கொண்டார்.

அப்புறம் சட்டைக்காரர் வீட்டில் ஆஸ்திரேலியாவுக்குப் போக எழுதிப் போட்டிருந்தது கைகூடி வந்தது. போவதற்குள் ஒரு பிளேட்டு போட்டுவிட வேண்டும் என்று மூன்று பேரும் அலைந்தார்கள். அந்தச் செலவில் அண்ணனின் சைக்கிள் விற்றுப் போயிற்று. டேப் மெஷின் வைத்திருந்த ஒருவரைப் பிடித்து, ஒரு பள்ளிக்கூட ஹாலில் சுவரெல்லாம் நனைத்த கோணியைத் தொங்கவிட்டு, ஒரே பகலில் எட்டுப் பாட்டு. எட்டாவது பாட்டின் நடுவில் ஹார்பர் சங்கு ஊதிவிட்டது. டேப் மிச்சமில்லை, திருப்பிப் பாட முடியாது. இருக்கட்டும் விடு, சங்கும் நம்மோட ஆள்தான் என்றானாம் அண்ணன். பிளேட்டுக்குக் ‘கல்மண்டபம் ப்ளூஸ்’ என்று எங்கள் பேட்டையின் பேரையே வைத்து, கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் அச்சுப் போடுவார்கள்.

அந்த எட்டாவது பாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டும். மற்ற ஏழும் இங்கிலீஷ். அது ஒன்றுதான் தமிழ், நம் பாஷை. பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் பெண்கள் உட்கார்ந்து மாதாவின் புலம்பல் பாடுவார்களே, அம்மாதான் எங்கள் கோயிலில் முதல் குரல் எடுப்பார். அண்ணன் அந்த மெட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு, அதை வேறெங்கோ இழுத்துக்கொண்டு போயிருந்தான். பாட்டு சித்தப்பாவைப் பற்றியது. இல்லை, நைனாவைப் பற்றியது.

*கவுறு அறுந்தா கை இன்னா செய்யும்*
*கையப் பாத்து அயுவாத நைனா*

இதை நான் தொட்டி மேல் உட்கார்ந்து கேட்டபோது அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான். நைனாவிடம் இதைச் சொல்லவே கூடாது, சத்தியம் பண்ணு என்றான். நாமாகச் சொன்னால் எழுந்து போய்விடுவார், பிளேட்டு சுற்றும்போது தானாகக் காதில் விழணும், பிளேட்டை விட்டு எழுந்து எங்கே போவார் என்றான். மாதா மேல் சத்தியம் பண்ணினேன். அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்றினேன், ஐயா. காப்பாற்றக் கூடாததை எல்லாம் ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

கல்கத்தாவிலிருந்து மரப்பெட்டி வந்து சேர்ந்தது விபூதிப் புதன் அன்றைக்கு. விதி என்று சொல்லுங்கள், வேறென்ன சொல்ல. பெட்டியைக் கை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அண்ணன் சந்துக்குள் நுழைகிறான், நைனா நெற்றியில் சாம்பல் சிலுவையோடு கோயிலிலிருந்து வருகிறார். அண்ணன் ஆணி பிடுங்கக் கத்தியைத் தேடினான். நைனா பெட்டியின் மேல் கையை வைத்தார்.

நைனா கத்தவில்லை. கத்தியிருந்தால் அண்ணனும் கத்தியிருப்பான். சாதாரணமாகத்தான் பேசினார்.

"தபசு காலத்துல என் வூட்ல பாட்டு வாணாம். ஈஸ்டர் அன்னிக்கி நானே தொறந்து குடுக்கறேன். நாப்பது நாள்ல பாட்டு செத்துடுமாடா?"

அண்ணன் ஏதேதோ சொல்லிப் பார்த்தான். இது அந்த மாதிரிப் பாட்டு இல்லை நைனா என்றான். எந்த மாதிரி என்று நைனா கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். பாருங்கள், அந்த ஒரு நிமிஷத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சொல்லியிருக்கலாம்.

நைனா பிளேட்டை அழிக்க நினைக்கவில்லை. அதை நான் எங்கு வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். அவருக்குத் தெரிந்த பிளேட்டு கீழே விழுந்தால் சுக்கல் சுக்கலாக உடைகிற பழைய பிளேட்டு. விழக் கூடாது, இடி படக் கூடாது, அதுதான் அவர் கவலை. சித்தப்பாவின் கம்பளியை எடுத்துப் பெட்டியைச் சுற்றினார், அந்தக் கம்பளியை அதுவரை யாரையும் தொடவிட்டதில்லை. பெட்டியைத் தூக்கிச் சமையல்கட்டுப் பரணில் பத்திரமாக வைத்து, அசையாமல் இருக்க அதன் மேல் கிறிஸ்துமஸ் குடில் சாமான் மூட்டையையும் ஏற்றி, பரண் கதவைப் பூட்டினார். பரணுக்கு ஒரு முழம் மேலே தகரம். கீழே அடுப்பு. அந்த வருஷம் பங்குனி வெயில் எப்படி இருந்தது என்று உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கலாம். சமையல்கட்டில் அம்மாவின் தேங்காயெண்ணெய் உறைந்ததே கிடையாது.

அண்ணன் பொறுத்துக்கொண்டான். மூன்றாவது வாரம் வரைக்கும். ரேடியோவில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கிலீஷ் பாட்டு போடுகிற ஒருவர் சட்டைக்காரரின் மாமாவுக்குத் தெரிந்தவர். பிளேட்டைக் கொண்டுவாருங்கள், பிடித்திருந்தால் போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். அவருக்கு டெல்லிக்கு மாற்றலாகிவிட்டது. அந்த ஞாயிறுதான் கடைசி.

சனிக்கிழமை காலை நைனா வேலைக்குப் போனதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டான். வியாசர்பாடி அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பூட்டுக்கு ஒரே குத்து உடட்டுமா மச்சான் என்று அவர் கேட்டார். அண்ணன் வேண்டாம் என்றான். பூட்டு உடைந்ததைப் பார்த்தால் நைனா மனசு உடைஞ்சுடும் என்றான். சாவியை நைனா வேலைக்குப் போகும்போது மடியில் செருகிக்கொண்டு போவார், படுக்கும்போது தலையணைக்குள் வைப்பார். மத்தியானம் சாப்பிட வந்து கொஞ்சம் கண் அசருவார், தலையணை பக்கத்தில் என்னைத் தவிர யாரையும் விடமாட்டார், கால் அமுக்குகிற சாக்கில் நான் எடுத்துத் தர வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு, பாப்பா. எடுத்துக்கினு திரும்பப் பூட்டிட்றேன். நைனாவும் ரேடியோல கேப்பாரு இல்ல? எங்கயாவது டீக்கடைல காதுல வியும் இல்ல?"

சரி என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு ஞானோபதேச வகுப்புக்குப் போனேன். அந்த ஈஸ்டருக்கு எனக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நாக்கில் நற்கருணை அப்பம் வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன் தைத்து ஆணியில் தொங்குகிறது. அன்றைக்கு சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது, அடுத்தவர் பாவத்தைத் தெரிந்தும் மறைக்கிறவருக்கு அந்தப் பாவத்தில் பங்கு உண்டு, அந்த நாக்கில் ஆண்டவர் வந்து உட்கார மாட்டார் என்று. நான் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். பத்து வயசு. வேறென்ன தெரியும் எனக்கு?

மத்தியானம் நைனாவின் காலை அமுக்கிக்கொண்டே சொல்லிவிட்டேன். அண்ணன் சாவி கேட்டுச்சு நைனா.

அவ்வளவுதான் சொன்னேன். எதற்குக் கேட்டது என்று சொல்லவில்லை. எட்டாவது பாட்டைச் சொல்லவில்லை. அது சத்தியம் பண்ணினது, சொன்னால் பாவம். இது மறைத்தால் பாவம். கணக்காகப் பிரித்துப் பாதியை மட்டும் சொன்னேன். முழுசையும் சொல்லியிருந்தால் அந்தக் கதவைத் திறந்துவிட்டிருப்பார். இல்லை முழுசாக வாயை மூடியிருந்தாலும் போதும். இரண்டும் செய்யாத நாக்கு இது.

நைனா என்னைத் திட்டவில்லை, அண்ணனிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தலையணைக்குள்ளிருந்து சாவியை எடுத்தார், கழுத்தில் போட்டிருந்த உத்தரியத்தின், மாதா படம் தைத்த அந்தத் துணிப் பதக்கத்தின், கயிற்றில் கோர்த்துக்கொண்டார். அண்ணன் சாயங்காலம் வந்தான். நைனா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார், நெஞ்சில் மாதா படமும் சாவியும் சேர்ந்து தொங்குகின்றன. அண்ணன் என்னைத் தேடிப் பார்க்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். எனக்கு அதுதான் பயமாக இருந்தது, அவன் என்னைப் பார்க்காமல் போனது.

ஐந்தாவது வாரம் சட்டைக்காரர் குடும்பம் கிளம்பியது. பம்பாய் போய் அங்கிருந்து கப்பல். போகிற அன்று காலையில் அந்த அண்ணன் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். கையில் பிளேட்டு போடுகிற பெட்டி. அதை என் அண்ணனுக்கே வைத்துக்கொள்ளக் கொடுத்தார். நைனா அவரை உட்கார வைத்து டீ கொடுத்து, ஈஸ்டர் முடிந்ததும் தபாலில் இரண்டு பிளேட்டு அனுப்புகிறோம் தம்பி என்று நல்ல மனசோடுதான் சொன்னார். சட்டைக்காரர் தலையாட்டினார். தான் வாசித்ததைத் தான் ஒரு தடவைகூடக் கேட்காமல் ரயிலேறினார்.

ஈஸ்டர் வந்தது. என் நாக்கில் ஆண்டவர் வந்து உட்கார்ந்தார். நான் வெள்ளைக் கவுனில், தலையில் பூக்கிரீடத்தோடு, தெருவெல்லாம் பார்க்க வீட்டுக்கு வந்தேன். நைனாவிடம் நான் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்ததேயில்லை. ரேடியோவின் ஊதாத் துணியை அவிழ்த்தார். பிரியாணி வாசனை. வியாசர்பாடி அண்ணன் புதுச் சட்டையில் வந்திருந்தார். நைனா உத்தரியத்திலிருந்து சாவியைக் கழற்றி, தானே ஏணியில் ஏறிப் பெட்டியை இறக்கி, தானே ஆணியைப் பிடுங்கினார். கம்பளியை மடித்து ஓரமாக வைத்தார். முதல் உறையை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார்.

அண்ணன் உறையிலிருந்து பிளேட்டை உருவினான். அப்பளம். எண்ணெயில் போட்டு எடுத்த அப்பளம் எப்படி இருக்கும், அப்படி. அதை வைத்துவிட்டு இன்னொன்றை உருவினான். அப்புறம் அடியிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று. வியாசர்பாடி அண்ணன் மண்டிபோட்டு எல்லா உறையையும் உருவிப் போட்டார். ஒன்றுகூட நேராக இல்லை. அம்மா, வெயிலில் காய வைத்து மேலே அம்மிக்கல் வைத்தால் சரியாகிவிடும் என்றார்.

அண்ணன் இருப்பதிலேயே சுமாரான ஒன்றை எடுத்துப் பெட்டியில் வைத்துச் சுற்றவிட்டான். ஊசி ஓரத்தில் ஏறி ஏறிக் குதித்தது. பாட்டே இல்லை, டக்கு டக்கு என்று தட்டுகிற சத்தம்தான். அண்ணன் ஊசியை உள்ளே உள்ளே நகர்த்திக்கொண்டே போனான். பிளேட்டு ஓரத்தில்தான் அதிகம் நெளிந்திருந்தது, நடுவில் அவ்வளவு இல்லை. காகிதத்துக்குப் பக்கத்தில் வந்தபோது ஊசி குதிக்காமல் நின்றது. கடைசிப் பாட்டு. குரல் தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரி இழுத்து இழுத்து ஆடியது. ஆனாலும் அண்ணன் குரல்தான். கவுறு அறுந்தா கை இன்னா செய்யும். கையப் பாத்து அயுவாத நைனா. அப்புறம் சங்கு ஊதியது, ஊசி வழுக்கியது, முடிந்துவிட்டது.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அது அவருடைய புலம்பல் மெட்டு என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. நைனா தரையில் உட்கார்ந்திருந்தார், எழுந்து போகவில்லை. அண்ணன் சொன்னது சரிதான், பிளேட்டை விட்டு எழுந்து போக முடியவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இது தபசு காலத்துப் பாட்டுதானடா. ஏண்டா முன்னயே சொல்லல?"

"கேட்டுட்டுப் பூட்டியிருக்கலாம் இல்ல நைனா."

அண்ணன் ஊசியைத் தூக்கி வைத்தான். நைனா திரும்பப் போடச் சொன்னார். போட்டான். அதே இடத்தில் ஊசியை வைத்தான், இந்தத் தடவை அந்த இடமும் குதித்தது. நைனா எழுந்து பெட்டியண்டை போய், பிளேட்டின் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். சுற்றுகிற பிளேட்டை அழுத்தினால் பாடுமா? ஓரம் விரிசல் விட்டுவிட்டது. அன்றைக்குப் பிரியாணியை யாரும் தொடவில்லை.

அண்ணன் எல்லா வழியும் பார்த்தான். டேப் வைத்திருந்தவர் அதன் மேலேயே ஒரு கல்யாண நாதஸ்வரத்தைப் பதிந்துவிட்டாராம். கல்கத்தாவுக்கு எழுதினான், அச்சை உருக்கிவிட்டோம் என்று பதில் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து சட்டைக்காரரின் ஒரு கடிதம் வந்தது, பிளேட்டு இன்னும் வரவில்லையே என்று. அண்ணன் பதில் போடவில்லை. அந்த வருஷமே ஹார்பர் வேலையை விட்டுவிட்டு எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். மவுத்தார்கனை என்ன செய்தான் என்று தெரியாது. கோயிலில் எல்லோரும் எழுந்து பாடும்போதுகூட அவன் வாய் அசையாது.

கிண்ணங்கள் சிஸ்டரின் யோசனை. நல்ல மனுஷி, யாரையும் குறை சொல்ல வரவில்லை நான். வீணாய்ப்போன பிளேட்டை வெந்நீரில் காட்டி, குழம்புச் சட்டியைக் கவிழ்த்து அதன் மேல் அழுத்தினால் அழகான பூக்கிண்ணம் வரும், கோயில் பண்டிகைக்கு விற்றுத் தரலாம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அண்ணனைக் கேட்டார். இன்னா வேணா பண்ணிக்கோ என்றான். அடுப்பில் பெரிய அண்டா வைத்து, அம்மாவும் நானும் இரண்டு நாள் உட்கார்ந்தோம். வெந்நீரில் போட்டதும் பிளேட்டு ஈரத்துணி மாதிரி தொளதொளவென்று ஆகிவிடும், அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நான் ஓரத்தை மடித்துக் கொசுவம் வைத்தேன். என் கொசுவம் அழகாக இருக்கிறது என்று சிஸ்டர் மெச்சினார். அத்தனையும் விற்றுப் போயிற்று. இப்படியாக என் அண்ணனின் பிளேட்டு ராயபுரத்தில் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. ஒரு வீட்டிலும் பாடவில்லை.

நைனாவும் ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டார். பூ வைக்கவில்லை. அதற்குப் பிறகு ரேடியோவை மூடுவதை விட்டுவிட்டார். தபசு காலத்தில்கூட அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும், அவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படியே இருந்து அப்படியே செத்தார். அந்த ஒரு பாட்டை அவர் அந்தப் பங்குனி வெயிலுக்கு முன்னால் கேட்டிருந்தாலாவது, இல்லை ஒழுங்காக இன்னொரு தடவை கேட்டிருந்தாலாவது. இல்லை, தும்பை விட்டு வாலைப் பிடித்து என்ன ஆகப் போகிறது.

அண்ணன் போனது எட்டு வருஷத்துக்கு முன்னால். தொண்டையில் கட்டி. ஆப்பரேஷன் செய்து குரலை எடுத்துவிட்டார்கள். பேச வேண்டுமென்றால் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக் காட்டுவான். ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு. நான் தினமும் போய் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிவிட்டார், வெயில் ஜன்னல் வழியாக அவன் காலில் விழுந்திருந்தது. இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனிமேல் இல்லை என்று தோன்றியது. சாவி விஷயத்தை நான்தான் நைனாவிடம் சொன்னேன் அண்ணா என்றேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன்.

அவன் எழுதினான். ‘தெரியும். நீ சின்னப் புள்ள.’

அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அதை வாங்கி, கீழே இன்னும் எழுதினான். ‘அந்தப் பாட்டு ஞாபகம் இருக்குதா? பாடு.’

இருக்கிறது என்று தலையாட்டினேன். ஏன் இருக்காது? ஒன்றரை வருஷம் தொட்டி மேல் உட்கார்ந்து கேட்டவள் நான். சட்டைக்காரரும் வியாசர்பாடி அண்ணனும் அவனுக்கு முன்னாலேயே போய்விட்டார்கள், உலகத்தில் அதைக் கேட்ட காது வேறு மிச்சமில்லை. வார்த்தை முழுசும் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். கவுறு அறுந்தா என்று எடுத்தேன். மெட்டு வந்தது. பாடிக்கொண்டே போனேன், கண்ணை மூடிக்கொண்டு, நன்றாகவே பாடுகிறேன் என்றுகூட நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு, அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், பார்க்காமல் போனவன்.

தாளைத் திருப்பி, இடமிருந்த ஓரத்தில் எழுதினான்.

‘அது கோயில் பாட்டு பாப்பா.’

எழுதிவிட்டுப் பென்சிலை மேசை மேல் வைத்தான். திரும்பவும் முயன்று பார்த்தேன், இரண்டு தடவை, மூன்று தடவை. அம்மாவின் புலம்பல்தான் வந்தது. அவன் அதை எங்கே இழுத்துக்கொண்டு போனான் என்று எனக்குத் தெரியவில்லை.